விழாத கோல்களின் கணக்கு

ஆவடி, அம்பத்தூர் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஹாக்கி பேசிய தலைமுறை ஒன்று இருந்தது. டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, சிஆர்பிஎஃப் முகாம் என்று ஆவடி முழுக்கச் சீருடைக்காரர்கள். ரயில் பாதையில் சென்னைப் பக்கம் கொஞ்சம் போனால் வில்லிவாக்கத்தை ஒட்டி ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப். இந்தியாவில் ஹாக்கிக்காரனுக்குச் சோறு போட்டவை ராணுவம், போலீஸ், ரயில்வே, வங்கி இவைதான் என்பதால், இந்த வட்டாரத்தில் அந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் இருந்ததில் வியப்பில்லை. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஆலையை நடத்திய முருகப்பா குழுமத்தின் பெயர்தான் எழும்பூரில் நடக்கும் எம்சிசி-முருகப்பா தங்கக் கோப்பையிலும் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: இந்தியா கண்ட ஆட்டக்காரர்களில் பெரியவர் யார்? தயான் சந்த் என்பார் ஒருவர், பல்பீர் சிங் என்பார் இன்னொருவர். முகமது ஷாஹித் பெயர் வரும், பிற்பாடு தன்ராஜ் பிள்ளை பெயர் வந்தது. எல்லாரும் கோலை நோக்கி ஓடியவர்கள். கோலுக்கு முன்னால் நின்றவர்களின் முறை வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தாலும் “நல்லாத் தடுப்பாம்பா” என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். விடுபட்டுப்போன அந்த விவாதத்தை இப்போதாவது நடத்திப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. என் கட்சி இதுதான்: ஒரு ஃபுல் பேக்கைக் கௌரவிக்கும்போது அவர் அடித்த கோலை எண்ணக் கூடாது, விழவிடாமல் செய்த கோலைத்தான் எண்ண வேண்டும். நம் நாடு இதுவரை செய்திருப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

கேல் ரத்னாவை எடுத்துக்கொள்வோம். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது அது. 2021 முதல் தயான் சந்த் பெயரையே தாங்கி நிற்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கான விருது வரை ஹாக்கியில் அதைப் பெற்றவர்கள் தன்ராஜ் பிள்ளை, சர்தார் சிங், ராணி ராம்பால், மன்பிரீத் சிங், ஸ்ரீஜேஷ், ஹர்மன்பிரீத் சிங் ஆகிய ஆறு பேர். முன்களத்தில் இரண்டு, நடுக்களத்தில் இரண்டு, கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் ஒருவர். பார்க்கப் பங்கீடு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் ஹர்மன்பிரீத்துக்கு விருது எதற்காகக் கிடைத்தது? பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 அவருடையவை. பெரும்பாலும் பெனால்டி கார்னரில், டிராக் ஃப்ளிக்கில் வந்தவை. அந்தத் தொடரிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். 2025 ஜனவரியில் நம்ம சென்னைப் பையன் குகேஷோடு சேர்ந்து அவர் அந்த விருதை வாங்கியபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 10 கோல்கள் இல்லாமல், அதே ஆட்டங்களில் அதே அளவு நன்றாகத் தடுத்திருந்தால் அவர் பெயர் பரிசீலனைக்காவது வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே என் எண்ணம். ஆறு பேரில் ஒரு தடுப்பாட்டக்காரர் என்ற கணக்கு அப்படிப் பார்த்தால் பூஜ்யமாகிவிடுகிறது.

இதற்கு விருதுக் குழுக்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஹாக்கி நம் நினைவில் பதிந்த வழியே அப்படிப்பட்டது. 1975-ல் கோலாலம்பூர் உலகக் கோப்பை, 1980-ல் மாஸ்கோ தங்கம் இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் வானொலியில்தான் ‘பார்த்தோம்’. ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனையில் பாதி வார்த்தை புரியாது, குரல் உயரும் இடம் மட்டும் புரியும். குரல் உயர்வது எப்போதும் எதிரணியின் டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள், பந்து போகும்போதுதான். நம் டி-யிலிருந்து பந்தை வெளியே தள்ளிய ஃபுல் பேக்கின் பெயரை வர்ணனையாளர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாஸுக்கு ஓடிவிடுவார். மறுநாள் காலைப் பத்திரிகையில் ஸ்கோரும், கோல் அடித்தவர் பெயரும், எத்தனையாவது நிமிடம் என்பதும் இருக்கும். தடுத்தவருக்கு நிமிடம் கிடையாது. தொலைக்காட்சி வந்த பிறகும் கேமரா பந்தின் பின்னால்தான் போகிறது. பந்து வருவதற்கு முன்பே வழியை அடைத்துவிட்டவர் திரைக்கு வெளியே நின்றுவிடுகிறார். ஆகவே நம் தலைமுறையின் தரவரிசை என்பது பெரும்பாலும் செவிவழிச் செய்தியும் ஸ்கோர் கட்டமும் சேர்ந்து உண்டாக்கியது. ஆலையில் இரவு ஷிப்ட்டு பாய்லர் பார்ப்பவரின் நிலைமைதான் ஃபுல் பேக்குக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்று பொருள். ஆனால் ஒன்றும் நடக்காத இரவைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குப் போய் வந்தவர்களுக்கு மட்டும் வேறொரு பார்வை கிடைத்தது. கோலுக்குப் பின்பக்கமாக உட்கார்ந்தால் ஆட்டத்தின் மறுபாதி தெரியும். பந்தோடு வரும் ஃபார்வர்டு டி-யை நெருங்குகிறார். சுமாரான ஃபுல் பேக் பாய்ந்து பந்தைப் பறிக்கப் பார்ப்பார். ஃபார்வர்டு பந்தை ஒரு முழம் இழுத்தால் போதும், பாய்ந்தவர் கடந்துபோய்விடுவார். நல்ல ஃபுல் பேக் பாய மாட்டார். ஸ்டிக்கைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, ஃபார்வர்டு வரும் வேகத்திலேயே பின்வாங்கிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். அந்தச் சாய்வுதான் வித்தை. நடுவில் நுழையும் வழி அடைபட்டு, ஓரக்கோட்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். ஃபார்வர்டு தானாகவே அந்தப் பக்கம் போவார், கோலுக்கான கோணம் அடிக்கு அடி சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விடும். ஸ்டிக் பந்தைத் தொடவே இல்லை. புள்ளிவிவரத்தில் ‘டேக்கிள்’ என்றுகூட ஏறாது. அதே சமயம் அவர் காலில் பந்து பட்டால் பெனால்டி கார்னர். கோல் விழ இருந்ததைத் தப்பாகத் தடுத்தால் பெனால்டி ஸ்ட்ரோக். ஃபார்வர்டு 10 தடவை முயன்று 9 தடவை கோட்டை விட்டாலும் பத்தாவது தடவைக்காகக் கொண்டாடப்படுவார். ஃபுல் பேக் 9 தடவை காப்பாற்றிப் பத்தாவதில் தவறினால் அந்தப் பத்தாவதற்காகவே நினைக்கப்படுவார்.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். இந்தியா 5 ஆட்டங்களில் 38 கோல் அடித்தது என்று பெருமையாகச் சொல்வோம். ஆப்கானிஸ்தானுக்கு 14, அமெரிக்காவுக்கு 16, சிங்கப்பூருக்கு 6. உதம் சிங் மட்டும் 15 கோல். ஆனால் அந்தத் தொடர் முழுக்க இந்தியா வாங்கிய கோல் பூஜ்யம் என்பது ஒரு துணுக்குச் செய்தியாகவே மிஞ்சியிருக்கிறது. பலவீனமான அணிகளோடு ஆடினால் பூஜ்யம் வராமல் என்ன வரும் என்று கேட்கலாம். சரி, முதல் மூன்று ஆட்டத்தைத் தள்ளிவிடுவோம். அரையிறுதியில் ஜெர்மனியோடு 1-0, இறுதியில் பாகிஸ்தானோடு 1-0. தங்கத்தைத் தீர்மானித்த அந்த இரண்டு ஆட்டத்திலும் முன்களம் தந்தது ஒவ்வொரு கோலுக்கு மேல் இல்லை. இன்னொரு முனையில் ஒரே ஒரு பந்து உள்ளே போயிருந்தால் கதையே மாறியிருக்கும். கோல்கீப்பர் ஷங்கர் லக்ஷ்மணும் அவருக்கு முன்னால் நின்ற ஃபுல் பேக்குகளும்தான் அந்தப் பதக்கத்தைக் கட்டிக் காத்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இறுதியில் கோல் அடித்ததும் ஒரு ஃபுல் பேக்தான்: ரந்தீர் சிங் ஜென்டில். மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற அவரை இன்று யாராவது நினைவுகூர்ந்தால் அந்தக் கோலுக்காகத்தான் நினைவுகூர்கிறார்கள்.

ஆகவே நான் முன்வைக்கும் சோதனை எளிமையானது. பெனால்டி கார்னரில் வந்த கோல்களை முழுக்கக் கழித்துவிடுங்கள்; அதற்குப் பிறகும் அந்த ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். ஹாக்கியின் ஒரு விநோதம் என்னவென்றால் பெனால்டி கார்னர் அடிக்கும் வேலை பழக்கத்தில் ஃபுல் பேக்கிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தடுப்பது வேறு திறமை, டி-யின் விளிம்பில் நின்று ஃப்ளிக் செய்வது வேறு திறமை. இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைத்ததுதான் குழப்பத்தின் வேர். பிருதிபால் சிங்குக்கு ஷார்ட் கார்னர் (அதாவது பெனால்டி கார்னர்) மன்னன் என்றே பெயர். ஆண்கள் ஹாக்கியில் முதல் அர்ஜுனா விருது, 1961-ல், அவருக்குத்தான் போனது. 1960-ல் வெள்ளி, 1964-ல் தங்கம், 1968-ல் வெண்கலம் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் பின்களத்தின் முதுகெலும்பாக இருந்தவர் என்பதால் கோல்களைக் கழித்தாலும் அவர் நிற்பார். சந்தீப் சிங்கை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் எனக்குச் சங்கடம். 2006-ல் ரயிலில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, நடக்க முடியாத நிலையிலிருந்து மீண்டு, 2009-ல் அணித்தலைவராக அஸ்லான் ஷா கோப்பையை வென்ற மனிதர். அந்த மீட்சிக்கு எத்தனை சினிமா எடுத்தாலும் தகும். ஆனால் டிராக் ஃப்ளிக்கை எடுத்துவிட்டால் ஃபுல் பேக்குகளின் முதல் வரிசையில் அவரை வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஹர்மன்பிரீத் தேறுவார். நீண்ட வான்வழிப் பாஸ்களும் ஆட்டத்தைப் பின்னாலிருந்து கட்டும் நிதானமும் அவரிடம் உண்டு. முதலிடத்தில் தேறுவாரா என்றால், இல்லை.

முதலிடம் திலீப் திர்க்கிக்கு. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து வந்தவர், 412 சர்வதேச ஆட்டங்கள், 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக்குகள், 1998 ஆசிய விளையாட்டுத் தங்கம். பெனால்டி கார்னரில் அவரும் சில கோல் அடித்திருக்கிறார். அதை அழித்துவிட்டாலும் அவர் கணக்கில் ஒரு குறையும் தெரியாது. அர்ஜுனா 2002-ல் வந்தது, பத்மஸ்ரீ 2004-ல் வந்தது. கேல் ரத்னா வரவே இல்லை. இங்கே வழக்கமாக வரும் ஆட்சேபம், ‘ஒலிம்பிக் பதக்கம் இல்லையே’ என்பது. 1980-க்கும் 2021-க்கும் இடையில் இந்திய ஆண்கள் ஹாக்கியில் யாருக்குமே ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அந்த 41 ஆண்டுகளில் ஆடிய எல்லாரையும் குப்பையில் போட முடியுமா? அதைவிட முக்கியமாக, அதே காலத்தில், அதே அணியில், அதே 1998 தங்கத்தோடு, நான்கு ஒலிம்பிக்கில் பதக்கமின்றித் திரும்பிய தன்ராஜ் பிள்ளைக்குக் கேல் ரத்னா கொடுத்தார்கள். தகுதியானவருக்குத்தான் கொடுத்தார்கள், கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் எங்கள் பக்கத்தில் அது சொந்தவீட்டுச் செய்தியாகவே கொண்டாடப்பட்டது. 1998-ல் திர்க்கிக்கு வயது 21, தன்ராஜ் அணித்தலைவர், ஆகவே முதலில் அவருக்கு என்பது நியாயம். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளிலும் திர்க்கியின் பெயர் அந்தப் பட்டியலுக்குப் போகவில்லை என்பதுதான் கேள்வி. பதக்கம் இல்லாதது ஃபார்வர்டுக்குத் தடையாக இருக்கவில்லை என்றால் ஃபுல் பேக்குக்கு மட்டும் எப்படித் தடையாகும்?

எதிர்க்கட்சிக்காரர்களின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் சிட்னி. 2000 ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலையில், 1-0 என்று முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் கோல் வாங்கி 1-1 என்று சமன் செய்து வெளியேறியது. பின்களத்தில் திர்க்கி இருந்த ஆட்டம் அது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 68 நிமிடம் ஆடி ஒரே கோல் அடித்த முன்களத்தை யாரும் அதற்குப் பொறுப்பாக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது கோலை அடித்திருந்தால் கடைசி நிமிட கோல் ஆறுதல் கோலாகப் போயிருக்கும். தடுப்பாட்டம் பற்றிய நம் தீர்ப்புகளில் எப்போதும் இந்த ஓரவஞ்சனை உண்டு.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் நுட்பமானது. தடுப்பது என்பது கூட்டு வேலை, அதில் ஒருவரைத் தனியே பிரித்துப் பாராட்ட முடியாது என்பார்கள். கோல் அடிப்பது மட்டும் என்ன தனி வேலையா? பெனால்டி கார்னரில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுபவர் ஒருவர், டி-யின் விளிம்பில் அதை நிறுத்துபவர் ஒருவர், ஃப்ளிக் செய்பவர் ஒருவர். முதல் இருவர் பெயரை யார் எழுதுகிறார்கள்? கூட்டு வேலையில் ஒருவரைப் பிரித்தெடுக்க நமக்கு நன்றாகவே தெரியும். முன்பக்கத்தில் செய்கிறோம், பின்பக்கத்தில் மறுக்கிறோம். அதே பெனால்டி கார்னரின் மறுமுனையில் முதல் ரஷர் என்றொருவர் இருக்கிறார். கோல்கீப்பரும் நான்கு பேரும் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க, பந்து தள்ளப்பட்ட கணத்தில் முகக்கவசத்தோடும் முழங்கால் பட்டையோடும் நேராக ஃப்ளிக் செய்பவரை நோக்கி ஓடுகிறவர். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்தின் பாதையில் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வேலை. அமித் ரோஹிதாஸ் பல ஆண்டுகளாக இந்தியாவுக்கு அதைச் செய்தார். பாரீஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிடத்துக்கு மேல் 10 பேரோடு ஆடி 1-1 என்று பிடித்து நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது இந்தியா. அந்த நாற்பது நிமிடத் தடுப்பாட்டம் அந்த ஒலிம்பிக்கில் நாம் ஆடிய மிகச் சிறந்த ஹாக்கி என்பது என் மதிப்பீடு. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ரோஹிதாஸுக்குத் தடை. ஜெர்மனியின் முதல் கோலை பெனால்டி கார்னரில் பெய்லட் அடித்தார். 2-3 என்று தோற்றோம். ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்று ஓர் ஆள் குறைந்ததன் விலையை உணர்ந்தவர்கள், அந்த ஆளின் பெயரைத் தனியே சொல்ல முடியாது என்று வாதாடவும் முடியாது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்கார்பரோவில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கும் பக்கத்தில் இருக்கிறது டொராண்டோவின் ஹாக்கிப் புகழ் மண்டபம். பனி ஹாக்கிக்கானது. 18 பேர் கொண்ட குழுவில் 14 பேர் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே இடம். அங்கேயும் பெரிய வாக்குவாதம் எப்போதும் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றித்தான். பால் காஃபி 1985-86 பருவத்தில் மட்டும் 48 கோல் அடித்தவர். 2001-ல் ஆட்டத்தை விட்டு, 2004-ல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, நுழைந்துவிட்டார். ராட் லாங்வே தன் 994 என்ஹெச்எல் ஆட்டங்களிலும் சேர்த்து அடித்தது 51 கோல். 1982-83-ல் அடித்தது மூன்றே மூன்று. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டும் கொடுத்தார்கள். 2002-ல் மண்டபத்திலும் இடம் கொடுத்தார்கள். கெவின் லோ ஆறு ஸ்டான்லி கோப்பை அணிகளில் இருந்தவர். கோல் அடிக்கும் ஆள் இல்லை. 1998-ல் விலகியவருக்கு 2020-ல்தான் கதவு திறந்தது. அங்கேயும் காத்திருப்பு நீளம்தான். ஆனால் கோலே அடிக்காமல் தடுத்தவருக்கு ஒரு வழி இருக்கிறது. அவரைப் பற்றி வருடாவருடம் யாராவது சண்டை போடுகிறார்கள். நம் ஆட்டத்திலேயே, உலக அளவில், பெல்ஜியத்தின் ஆர்தர் வான் டோரன் 2017, 2018 என்று தொடர்ந்து இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்றார். பெனால்டி கார்னர் அடிப்பவர் அல்லர். பந்தைப் பறித்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதுதான் அவர் தொழில். கண் இருந்தால் பார்க்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெவ்வேறு காலத்தவரை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் பாதி இணங்குகிறேன். ஜென்டிலும் பிருதிபாலும் ஆடியது புல்தரையில். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்து ஆட்டத்தின் வேகமே மாறியது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஆஃப்சைடு விதியையே எடுத்துவிட்டார்கள். அதுவரை ஃபுல் பேக்குகள் முன்னேறி நின்றால் எதிரணி ஃபார்வர்டும் பின்வாங்கியாக வேண்டும். விதி போன பிறகு கோல் வாசலிலேயே ஒருவர் குடியிருக்கலாம். திர்க்கியின் ஆட்டக்காலம் கிட்டத்தட்ட முழுவதும் இந்தப் புதிய கஷ்டத்துக்குள்தான் கழிந்தது. ஆகவே ஒருவரை அவர் காலத்து மற்ற ஃபுல் பேக்குகளோடு வைத்துப் பார்ப்பதே நேர்மை. அந்த வகையில் பர்கத் சிங்குக்கு எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஆசியாவில் நிகர் குறைவு. 1992, 1996 என இரண்டு ஒலிம்பிக்கில் தலைவர். ஆனால் அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை 1985 பெர்த் சாம்பியன்ஸ் டிராபி: மேற்கு ஜெர்மனியிடம் 1-5 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் அவர் பந்தோடு முன்னேறிக் கலக்கியதில் ஆட்டம் 5-5 ஆன கதை. பாருங்கள், தடுப்பாட்டக்காரரைப் புகழவும் அவர் தாக்கிய கதைதான் வேண்டியிருக்கிறது. ஹாக்கி இந்தியா ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தரும் விருதுக்கு அவர் பெயரை வைத்திருப்பது சரியான செயல்.

சுர்ஜித் சிங்குக்கு நடந்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. 1975 உலகக் கோப்பை வென்ற அணியின் தூண்; பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியில் சமன் செய்த கோல்கூட அவருடையது. 1984 ஜனவரியில் ஜலந்தர் அருகே கார் விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருது வந்தது 1998-ல். உயிரோடு இருந்தபோது கொடுக்கத் தோன்றவில்லை, இறந்த பிறகும் 14 ஆண்டு ஆனது. அதே உலகக் கோப்பை அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கும் நிலையில் மைக்கேல் கிண்டோவை வெளியே எடுத்து அஸ்லம் ஷேர் கானை இறக்கினார்கள். தாயத்தை முத்தமிட்டு அவர் அடித்த பெனால்டி கார்னர் கோல் காவியமாகிவிட்டது. அதுவரை தொடர் முழுக்கக் களத்தில் உழைத்த கிண்டோ அந்தக் காவியத்தில் ‘மாற்றப்பட்டவர்’ மட்டுமே. 1972 முனிக் வெண்கலம், 1975 உலகக் கோப்பை இரண்டிலும் பங்குள்ள அவர் 2020-ன் கடைசி நாளில் ராவுர்கேலாவில் காலமானபோது, பல பேருக்கு அவர் யாரென்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்தால் விசித்திரமாக ஒன்று தெரிகிறது. நம் பக்கத்திலிருந்து அர்ஜுனா வாங்கிய வி.ஜே. பீட்டர் ஃபார்வர்டு. அவருக்குப் பின் வாங்கியவர்களில் பெருமாள் கிருஷ்ணமூர்த்தி, வாசுதேவன் பாஸ்கரன், முகமது ரியாஸ் மூவரும் ஹாஃப் பேக்குகள். சென்னையின் மண் பின்வரிசைக்கு நல்ல ஆட்களைத் தந்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பாஸ்கரனை மாஸ்கோத் தங்கத்தின் அணித்தலைவராகத் தெரியும் அளவுக்கு, ஸ்பெயினை 4-3 என்று வென்ற அந்த இறுதியில் அவர் ஆடிய ஹாஃப் பேக் ஆட்டம் தெரிந்தவர்கள் இல்லை. கிருஷ்ணமூர்த்திக்கு 1968, 1972 என இரண்டு ஒலிம்பிக் வெண்கலம். தமிழ்நாட்டில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று இவருடையது என்று எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லித் தருகிறார்கள்?

இனி என்ன செய்யலாம்? கேல் ரத்னாவின் விதி கடந்த நான்கு ஆண்டுச் சாதனையைப் பார்க்கிறது என்பதால், 2010-ல் ஓய்வு பெற்ற திர்க்கிக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. 2022 முதல் ஹாக்கி இந்தியாவின் தலைவரே அவர்தான். தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ள முடியாது பாவம். ஆகவே ஓய்வு பெற்றவர்களுக்கென்று, இடத்துக்கு இடம் பிரித்து, கோல்கீப்பர், ஃபுல் பேக், ஹாஃப் பேக், ஃபார்வர்டு என்று தனித்தனி வாக்கெடுப்போடு ஒரு புகழ் வரிசை வேண்டும். அதை எழும்பூரிலேயே தொடங்கலாம். 1996, 2005 சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி என்று இத்தனை பார்த்த அரங்கத்தின் சுவரில் இடத்துக்கா பஞ்சம்? ஃபுல் பேக் வரிசைக்கு என் ஓட்டு இப்படி: திலீப் திர்க்கி, சுர்ஜித் சிங், பர்கத் சிங், பிருதிபால் சிங், மைக்கேல் கிண்டோ. ஹாஃப் பேக் வரிசையில் நம்மூர் கிருஷ்ணமூர்த்திக்கு முதல் வட்டத்திலேயே இடம். மாற்றுப் பட்டியல் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். பெனால்டி கார்னர் கோல்களைக் கழித்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.